நாலாம் நம்பர் கேபின்

கீழ்வேளூர்
14.8.2004

அன்பு மச்சானுக்கு ஷமீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பிள்ளையும் மாமியும் அல்லாஹ் கிருபையில் சுகம். உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை, அதை முதலில் நம்பிக்கொள்ளுங்கள். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன், பதறாமல் படியுங்கள். தம்மாமில் உங்கள் ரூமில் ஆறு பேர் என்றீர்களே, அங்கே வைத்துப் பிரிக்க வேண்டாம். பாத்ரூமுக்கு எடுத்துப் போய்ப் படித்தாலும் சரி.

ஈமெயில் இருக்கும்போது இவள் ஏன் பேனா பிடிக்கிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல முடியாது, மாமி பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஈமெயிலில் ஏன் முடியாது என்பதுதான் இந்தக் கடிதமே. உங்கள் பெரியத்தா மகன் மீரா உசேன் நானா செவ்வாய்க்கிழமை பயணம் புறப்படுகிறார். அவரிடம் கொடுத்தனுப்பும் பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாயும், நீங்கள் கேட்ட பிள்ளையின் பழைய சட்டையும் இருக்கும். சட்டையின் உள்ளே வைத்துத்தான் இதைத் தைத்து அனுப்புகிறேன்.

ஃபஹ்மிதாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. எதைக் கண்டாலும் கடிக்கிறாள், நேற்று மாமியின் தஸ்பீஹ் மணியைக் கடித்தாள். ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். நம் வாய்க்கால் கடைமடை ஆயிற்றே, இன்னும் ஒரு சொட்டு வரவில்லை. குத்தகைக்கார மருதையன் வந்து, நாற்று விடாமல் நேரடி விதைப்பே செய்துவிடலாமா என்று கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுதவே கை வரவில்லை மச்சான்.

போன மாதம் உங்கள் சிநேகிதர் சுஹைப்பின் பிரௌசிங் சென்டரில் நாம் பேசினோமே, அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதல்லவா. நீங்கள்தான் சொன்னீர்கள், சுஹைப் கடை நம்ம வீடு மாதிரி, பயமில்லாமல் போ, பிள்ளையை கேமராவில் காட்டு என்று. நானும் போனேன். நாலாம் நம்பர் லேடீஸ் கேபின். போகும்போதே எல்லாம் பார்த்துக்கொண்டுதான் போனேன். கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்று பார்த்தேன். பலகையில் ஒரு ஓட்டை இருந்தது, அதில் கைக்குட்டையைத் திணித்தேன். திரை கொஞ்சம் குட்டை என்று என் துப்பட்டியையும் கழற்றி அதன் மேல் பின் குத்தித் தொங்கவிட்டேன். பின்னால் இருந்து ஒரு ஈ கூட என்னைப் பார்த்திருக்க முடியாது. ஆபத்து பின்னால் இருந்துதான் வரும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

பிள்ளை பசித்து அழுதாள். நீங்கள், பாதியில் வைத்துவிடாதே, பாலைக் கொடு, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றீர்கள். பெற்றதிலிருந்து நீங்கள் அவளைத் தூக்கியது இல்லை, அவள் பால் குடித்துப் பார்த்தது இல்லை. நான் யோசிக்கவே இல்லை. அவளுடைய அத்தாவுக்கு முன்னால்தானே. நடுநடுவே ஸ்க்ரீனில் ஒரு பெட்டி வந்தது, நேரம் முடியப்போகிறது, ஓகே அழுத்து என்று. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்தி அழுத்தி அலுத்துப் போனேன். ஓயாமல் நச்சரித்தது. சனியன், கணக்காக மணி பார்க்கிறது என்றுதான் நினைத்தேன்.

அது மணி மட்டும் பார்க்கவில்லை மச்சான்.

அந்தக் கடையில் கல்லாவில் உட்காரும் பெண் பிரகதீஸ்வரி, டிப்ளமோ முடித்தவள், போன வாரம் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்து வந்தாள். மீன்காரி முன்னால் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் குறைந்ததும், அக்கா இனிமே நம்ம கடைக்கு வராதீங்க என்றாள். நான் சிரித்துக்கொண்டே ஏன், வியாபாரம் கசக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டி வருகிறதே, அந்த சாஃப்ட்வேர், அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஸ்க்ரீனில் இருப்பதை அப்படியே படம் பிடித்துக் கல்லா மிஷினுக்கு, அதாவது அவள் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, அனுப்புமாம். நாம் தட்டுகிற எழுத்தையும் ஒன்று விடாமல் சேர்த்து வைக்குமாம். நான் உங்களுக்கு எழுதிய ஈமெயில், என் பாஸ்வேர்டு, எல்லாமே அதில் இருக்கிறது.

சுஹைப் கேட்டால், காலேஜ் பசங்க கண்டதையும் திறக்கிறார்கள், போலீஸ் வந்தால் நான்தான் பதில் சொல்லணும் என்பாராம். நியாயம்தான். ஆனால் பிரகதீஸ்வரி, தான் வேறு வேலை தேடுவதாகத் தன் அக்காவுக்குக் கல்லா மிஷினிலிருந்து ஒரு மெயில் போட்டிருக்கிறாள். மறுநாளே சுஹைப், ஏம்மா நம்ம கடை பிடிக்கலையா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் மிஷினைக் குடைந்து பார்த்திருக்கிறாள். ஆக, அவர் படிக்கிறார். படிக்கிறவர் பார்க்கவும் மாட்டாரா.

பையில் இருந்த மீனை எப்படி வீட்டுக்குக் கொண்டு வந்தேன் என்று தெரியாது. மாமி, ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டார்கள். வெயில் என்றேன்.

சுஹைப் மிஷின் வாங்கத் தஞ்சாவூர் போயிருந்த அன்று, காலை பதினொரு மணிக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். இரண்டு கேபினில் ஆள் இருந்தது. பிரகதீஸ்வரி கல்லா ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாள். நாலு என்று நம்பர் போட்டு, தேதி போட்டு, அடுக்கடுக்காக இருந்தது. திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா, பாருங்க என்றாள்.

பார்த்தால், எல்லாவற்றிலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள் மச்சான். ஸ்க்ரீன் நிறைய உங்கள் முகம். ஒன்றில் சிரிக்கிறீர்கள். அடுத்ததில் உதட்டைக் கடிக்கிறீர்கள். அதற்கடுத்த பத்துப் பதினைந்தில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். அன்று ஏன் பேச்சு வரவில்லை என்று கேட்டதற்கு, இங்கே ஏசி ஜாஸ்தி, ஜலதோஷம் என்றீர்கள். நான் பிள்ளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், உங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேர்தான் பார்த்திருக்கிறது. உங்களை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கல்லா முன்னால் நின்று எப்படி அழ.

நான் அந்தப் படங்களில் மூலையில், தபால் தலை அளவுக்கு இருக்கிறேன். பிள்ளையின் தலை தெரிகிறது, என் தோள் கொஞ்சம் தெரிகிறது, அவ்வளவுதான். பிரகதீஸ்வரி ஒவ்வொன்றாக அழித்தாள், குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். பக்கத்து ராக்கில் சுஹைப் தேதி எழுதி அடுக்கிய சிடிகள் இருந்தன. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாட்டுத்தான் இருக்கும் அக்கா என்றாள், சத்தியமாகத் தெரியாது என்றும் சொன்னாள். அவளுக்கு நான் ஆயுசுக்கும் துஆ செய்வேன். அவள் பெயரை நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

என் ஸ்க்ரீனில் நீங்கள் பெரிதாக இருந்தீர்கள், நான் மூலையில் இருந்தேன். அப்படியானால் உங்கள் ஸ்க்ரீனில் நீங்கள்தான் மூலையில் இருந்திருப்பீர்கள். பெரிதாக இருந்தது நான்.

அன்று நடுவில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள் மச்சான், ஞாபகப்படுத்திப் பாருங்கள். பிள்ளை முகத்தை ஏதோ பெட்டி வந்து மறைக்கிறது, ஓகே கேட்கிறது, இரு அழுத்திவிடுகிறேன் என்றீர்கள். ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னீர்கள். இங்கே வந்த பெட்டியும் அப்படித்தான் வந்தது.

தம்மாமில் நீங்கள் உட்கார்ந்து பேசிய அந்த பிரௌசிங் கடை யாருடையது. அங்கே கல்லாவில் யார் உட்காருகிறார்கள். பார்க்க எப்படிப்பட்ட ஆள். இங்கேயாவது ஒரு பிரகதீஸ்வரி இருந்தாள், அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள். இரண்டு நாளாக இதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. சோறு இறங்கவில்லை. பால் குறைந்துவிட்டது, பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுகிறாள். அவளுக்குக் கொடுக்க உட்கார்ந்தாலே, கதவு சாத்தியிருந்தாலும், யாரோ எதிரே இருப்பது போல முந்தானையை இழுத்து இழுத்து விடுகிறேன். என் வீட்டில், என் பிள்ளைக்கு.

நேற்று சுஹைப் வீட்டுக்கு வந்தார். அவர் தங்கைக்கு நிக்காஹ், பத்திரிகை வைக்க வந்தார். நான் அடுப்படியை விட்டு வரவில்லை. மாமிதான் டீ கொடுத்தார்கள். போகும்போது வாசலில் நின்று சத்தமாக, தங்கச்சி இப்பல்லாம் கடைப் பக்கமே காணோமே, ஜாஹித் தேடுவானே என்று உங்கள் பெயரைச் சொன்னார். எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினார். ஒன்றும் தெரியாத மனுஷனாகவும் இருக்கலாம். எல்லாம் தெரிந்தவராகவும் இருக்கலாம். அந்தப் பேச்சை விடியும் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிடிபடவில்லை. இனி அவர் தலையைச் சொறிந்தாலும் எனக்குப் பயம்தான். நிக்காஹுக்குப் போகாமல் இருந்தால் மாமி ஏன் என்று கேட்பார்கள். போனால் அவர் வீட்டு ஆண்கள் இருக்கும் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. நம்ம வீடு மாதிரி என்று சொல்லி அனுப்பினீர்கள் பாருங்கள், அதற்கு. ஆனால் பிள்ளை பால் குடிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டதற்குக் கோபம் இல்லை. நான் செய்ததைத் தப்பு என்று மட்டும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஊரே என்ன சொன்னாலும் தாங்குவேன், அதைத் தாங்க மாட்டேன்.

அந்தக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். கேட்டால், இதுவரை கவனிக்காதவனும் தேடிப் பார்ப்பான். சும்மா போங்கள், ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி உட்காருங்கள், அந்தப் பெட்டி வருகிறதா என்று பாருங்கள். கல்லாவில் இருப்பவன் ஸ்க்ரீனில் என்ன ஓடுகிறது என்று போகிற போக்கில் ஒரு பார்வை பாருங்கள். அதற்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அந்தப் படி ஏறாதீர்கள். பாஸ்வேர்டை மட்டும் வேறு எங்காவது போய் மாற்றிவிடுங்கள். இனி பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் போட்டோ ஸ்டூடியோவில் எடுத்து அனுப்புகிறேன், இல்லையென்றால் நீங்கள் டிக்கெட் போட்டு வந்து பாருங்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போன் செய்வீர்கள். மாமி பக்கத்தில் நிற்பார்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் ஒன்று செய்யுங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால், நம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று என்னிடம் கேளுங்கள். நான் புரிந்துகொள்வேன், அன்று வயிறு நிறையச் சாப்பிடுவேன். இருக்கிறது என்றால் தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள் என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் கேளுங்கள் மச்சான். இருக்கிறது என்று தெரிந்தாலும் கேளுங்கள். பிள்ளைக்குப் பால் வேண்டும். தண்ணீர் வந்துவிட்டதா ஷமீரா என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிடுங்கள், வந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்களையும், உங்களைச் சுற்றி இருக்கும் கண்களையும் நல்லதாக்கி வைக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். சட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், துவைக்காமல்தான் அனுப்புகிறேன்.

உங்கள்
ஷமீரா