மெர்லி சேராத பல்கலைக்கழகம்

எஸ்தான்சியா
ஜூன் 18, 1995

என் நெனித்தாவுக்கு,

மாதாவின் துணையால் நீ நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நானும் மகளும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. மீன் வரத்து இல்லாததால் எங்கள் ஐஸ் கம்பெனியில் பாதி இயந்திரங்கள்தான் ஓடுகின்றன.

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. சோப்பில் கொஞ்சம் உன் தங்கை கோரிங்குக்குக் கொடுத்துவிட்டேன். மெர்லிக்கு வாங்கிய வெள்ளைச் செருப்பு சரியாகப் பொருந்துகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சோப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெனி, பெயர் பதியும் கெடு போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. மெர்லி பதியவில்லை.

சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு இலோஇலோ நகரத்துக்குப் போனாள். கோரிங் வீட்டில் தங்கிக்கொண்டு சேர்ந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். நானும் நம்பினேன். சனிக்கிழமை திரும்பி வந்தாள். பையை வைத்துவிட்டு, நான் வாங்கி வைத்திருந்த மீனை எடுத்து ஆய ஆரம்பித்தாள். ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அப்பா, ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் சொல்லித் தர்ற பள்ளியில சேந்துட்டேன். ஒரு வருசம்தான் படிப்பு. முடிச்சதும் வேலை."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "ஏன், நம்ம ஐஸ் கம்பெனிக்கு முதலாளியாகப் போறியா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் எனக்கு வந்த கோபம் நீ பார்த்ததில்லை. "உங்க அம்மா அங்க யாரோ வீட்டுக் கக்கூசைக் கழுவிக்கிட்டிருக்கிறது எதுக்குன்னு நெனச்சே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்குத்தாம்பா சேந்தேன். அவங்க கழுவுறது நிக்கணும்" என்றாள்.

மேலும் சொன்னாள். "எனக்கு ஆறு வயசுல ரெண்டே வருசம்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் கூரைக்குன்னாங்க. அப்புறம் என் பள்ளிக்கூடத்துக்குன்னாங்க. இப்ப நான் நாலு வருசம் கணக்குப் படிச்சா, அந்த நாலு வருசமும் அவங்க அங்கதான். நானே வேணாம்னு சொல்லாட்டி இது எப்பப்பா முடியும்?"

கணக்கு டீச்சர் சல்வாசியோன் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு நுழைவுத் தேர்வில் தேறியவள் இவள் ஒருத்திதான், உங்களுக்குப் புத்தி இல்லையா என்று என்னைத்தான் திட்டினார். மெர்லி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். சொன்னது ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை. பிடிவாதம் உன்னுடையது.

பக்கத்துக் கடை டெலிபோனில் கூப்பிட்டு அவளைத் திட்டாதே. திட்டினால் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். நாளைக் காலை பயிற்சிக்குக் கிளம்புகிறாள். அக்டோபரில் உன் ஒப்பந்தம் முடிகிறதே, அப்போது நீயே வந்து நேரில் பேசு. நீ வந்துவிட்டால் அவள் மனசு மாறலாம். மாறாவிட்டாலும் நீ வந்திருப்பாய்.

கடவுள் உன்னை எங்களிடம் சீக்கிரம் சேர்க்கட்டும்.

உன் அன்செல்மோ

*

ஹாங்காங்
ஜூலை 9, 1995

என் கண்ணு மெர்லிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவின் கடிதம் கிடைத்தது. அவருக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன். இது உனக்கு மட்டும்.

முதல் மூன்று நாள் உனக்கு எழுத உட்காரவே இல்லை. உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பேனோ தெரியாது. நீ தேறின செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே பூங்காவில் நம் ஊர்ப் பெண்களெல்லாம் கூடும் இடத்தில், நான் எல்லோருக்கும் நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அன்றிலிருந்து என்னை "புரொபசர் அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி கேலியாக, "எங்க சம்பளக் கணக்கையெல்லாம் உன் மகள்ட்ட அனுப்பிச் சரி பாத்துக்கலாமா?" என்று கேட்டாள். இந்த ஞாயிறு நான் பூங்காவுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா அந்த ஐஸ் கம்பெனியில் உழைத்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டார். ஆனால் நீ சின்ன வயதில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்கூடக் கணக்குப் போடுவாய். ஆசைப்பட்டு அதற்குப் போயிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ ஆசைப்பட்டுப் போகவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு அழாதே. அக்டோபரில் நான் வரவில்லை. நீ தேறின அந்த வாரமே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ கல்லூரியில் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நான் வருவேன் என்று நினைத்து நீ உன் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாய். நீ படிப்பாய் என்று நினைத்து நான் இங்கே இருக்கச் சம்மதித்திருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்வது இதை?

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே. ஊருக்கு வருகிறபோதெல்லாம் என் அடுப்படியிலேயே உப்பு எங்கே என்று உன்னைக் கேட்க வேண்டியிருந்தது. நீயும் அப்பாவும் ஒரு பார்வையிலேயே பேசிக்கொள்கிறீர்கள், எனக்குப் புரிவதில்லை. நான் சோறு போட்டால் நீ "தேங்க்யூம்மா" என்கிறாய். எந்த மகள் அம்மாவுக்கு அப்படிச் சொல்வாள்? நான் வேலை செய்யும் இந்த வீட்டுக் குழந்தை காயி, நான் தலை வாரிவிட்டால்தான் பள்ளிக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். இங்கே எனக்கு எல்லாம் எங்கே இருக்கிறதென்று தெரியும். திரும்பி வரச் சில சமயம் பயமாக இருக்கிறது மெர்லி. அப்படிப்பட்டவளுக்காக நீ உன் படிப்பை விடுவது நியாயமில்லை.

இந்த வருடம் போனது போகட்டும். அடுத்த ஜூனில் போய்ச் சேர்ந்துவிடு. அம்மா கெஞ்சிக் கேட்கிறேன். மழையில் நனையாதே. மாதா உன்னோடு இருக்கட்டும்.

உன் அம்மா

*

இலோஇலோ
செப்டம்பர் 24, 1995

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சித்தி வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்கு மன்னியுங்கள். கோபத்தில் எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். அப்புறம் கோபம் போய்விட்டது, என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

முதலில் செய்தி. எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் பையன்கள் என்னை "மேடம், ஏசியில காத்து வரலே" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். இப்போது வாயு அழுத்தக் கணக்கு வந்தால் என் பெஞ்சைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். வாத்தியார் பலகையில் எழுதி முடிப்பதற்குள் எனக்கு விடை வந்துவிடுகிறது. சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பழைய ஃபிரிட்ஜை முழுக்க நானே பிரித்துச் சரி செய்தேன். அது குளிர ஆரம்பித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இது பொய்யில்லை.

இன்னொன்றும் பொய்யில்லாமல் சொல்லிவிடுகிறேன். தினமும் நான் ஏறுகிற ஜீப்னி வண்டி பல்கலைக்கழக வாசலில் நிற்கும். என் கூடப் படித்தவர்கள் சிலர் அங்கே இறங்குவார்கள். "மெர்லி, வரலியா?" என்று கேட்பார்கள். முதலில் சிரித்து வைத்தேன். இப்போது அந்த இடம் வந்தால் குனிந்து பையில் எதையாவது தேடுவேன், வண்டி நகரும்வரை.

அடுத்த ஜூனிலும் நான் சேரப்போவதில்லை அம்மா. சேர்ந்தால் இரண்டு வருடம் கழித்து நீங்கள் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஏப்ரலில் எனக்குப் படிப்பு முடிகிறது. துறைமுகத்தில் மீன் குளிர்ப்பதனக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள், வாத்தியார் சொல்லி வைத்திருக்கிறார். நீங்கள் வரும்போது நான் சம்பாதித்துக்கொண்டிருப்பேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, ஒருநாள் மத்தியானம் நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நீங்கள் "காயி" என்று கூப்பிட்டீர்கள். நான் "என்னம்மா" என்று வந்து நின்றேன். நீங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள், கொடுத்தேன். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வருத்தப்படுத்துவதற்காக இப்போது சொல்லவில்லை. நாம் அந்நியமாகிவிட்டோம் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் வரச் சொல்கிறேன். "தேங்க்யூ" சொன்னது, உங்களிடம் வேறென்ன சொல்வதென்று தெரியாததால்தான். நான்கு வருடம் கழித்து வந்தால் அதுவும் வராமல் போய்விடும் என்று பயமாக இருந்தது.

அப்பாவிடம் நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். வாரம் ஒருநாள் கருவாடும் அரிசியும் எடுத்துக்கொண்டு இங்கே வருவார். அக்டோபர் பற்றிக் கேட்டால், "ஒங்கம்மாவுக்கு வேலை முடியலையாம்" என்று மட்டும் சொல்வார். போன மாதம் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், நீங்கள் படுக்கும் பக்கத்துச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

இரண்டு வருடம் முடியும்போது காயி வீட்டு அம்மா மறுபடி ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுவார். நல்லவர் என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள், கட்டாயம் நீட்டுவார். அப்போது என் படிப்புக்காக என்று சொல்ல முடியாதபடி செய்துவிட்டேன். வேறு காரணம் தேடாதீர்கள் அம்மா. வந்துவிடுங்கள்.

நான் எங்கே வேலை பார்த்தாலும் லீவு போட்டு விமான நிலையத்துக்கு வருவேன். எனக்கு அப்போது பதினெட்டு முடிந்திருக்கும், முடியை வெட்டிவிட்டேன், கொஞ்சம் கறுத்தும் போயிருக்கிறேன். கூட்டத்தில் என்னை அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று கவலைப்படாதீர்கள். நீங்கள் தேட வேண்டாம். நானே முன்னால் வந்து நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
மெர்லி