பெட்டியோடு வந்த உரிமம்

ஆகஸ்ட் 11, திங்கள்

நூலகத்தின் இரண்டாவது கணினி இன்றும் எழுந்திருக்கவில்லை. சிவாஜிநகர் கடையில் முனிராஜ் திறந்து பார்த்து, மதர்போர்டு போய்விட்டது என்றார். தயாரித்த கம்பெனிக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும்; அவரிடம் வேறு கம்பெனி போர்டு இருக்கிறது, நாளையே மாட்டிவிடலாம். விண்ணப்பம் நிரப்ப வந்து பெஞ்சில் காத்திருப்பவர்களை நினைத்துச் சரி என்றேன். அவசரப்பட்டேனோ?

ஆகஸ்ட் 13, புதன்

கணினி வந்தது. ஆனால் விண்டோஸ் உரிமம் இல்லை என்கிறது. உரிமத்தின் இருபத்தைந்து எழுத்துகள் என் நோட்டில் இருக்கின்றன. பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த அந்தச் சீட்டு தூசியில் மங்கிவிடுமே என்று போன வருஷம் மனைவி வனஜாவின் தலை உலர்த்தும் கருவியால் சூடாக்கி, கிழியாமல் உரித்து நோட்டில் ஒட்டிவைத்தேன். மூன்று முறை அடித்தேன். நான்காவது முறை, மகளின் உதவித்தொகைக்காக வந்திருந்த தனக்கோடி அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். “நீங்க சரியாத்தான் அடிக்கிறீங்க சார். அதுக்குத்தான் புரியல” என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விண்டோஸ் உதவி எண்ணில் நாற்பது நிமிடம். பேசிய பெண் பொறுமைசாலி. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்த போர்டோடு முடிந்துவிடுமாம். கம்பெனியே போர்டை மாற்றியிருந்தால் பேசிப் பார்த்திருக்கலாமாம். “ஸ்டிக்கர் பெட்டியில இருக்கா சார்?” என்று கேட்டார். உரித்து நோட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். உரித்தால் அது செல்லாதாம்.

ஒழுங்காக வைத்திருப்பதாக நினைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முனிராஜ் நூலகத்துக்கே வந்தார். “சின்ன ஃபைல் சார், போட்டா அப்புறம் உரிமமே கேக்காது. ரெண்டு நிமிஷம். நம்ம கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதான்.” அது திருட்டு இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முடித்துவிட்டார். “ஆச்சு சார், காபி சொல்லுங்க.” காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19

தூக்கம் சரியில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

கணினிகளைக் கொடுத்த கோயம்புத்தூர் அறக்கட்டளையின் வருடாந்திரப் படிவம் வந்துவிட்டது. ‘எல்லா மென்பொருளுக்கும் முறையான உரிமம் உண்டு.’ கீழே பொறுப்பாளர் கையெழுத்து. நான்தான் பொறுப்பாளர். இல்லையென்று எழுதினால் நான்கு கணினிகளையும் திருப்பிக் கேட்கலாம். விதியில் அப்படித்தான் இருக்கிறது.

நூலகச் செயலாளர் லாயிடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இத ஏன் சார் என்கிட்ட சொன்னீங்க? இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சே. நாலு வருஷமா போடறீங்க இல்ல, அதே மாதிரி போட்டுடுங்க.”

நாலு வருஷமும் அது உண்மையாக இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை. போடாமலும் இருக்க முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். ஒரு வரி சரியா தவறா என்று சொல்லத் தெரியாதா என்ன? தெரிகிறது. அதுதான் கஷ்டம். காலை பத்து மணிக்கு நூலகத்தின் கணினி அறையைத் திறப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன இருக்கிறது?

வனஜா சொன்னாள்: “போட்டாலும் புலம்புவீங்க, போடலைனாலும் புலம்புவீங்க. எதுக்குக் கம்மியாப் புலம்புவீங்களோ அதச் செய்யுங்க.”

செப்டம்பர் 10, புதன்

படிவத்தில் அந்த வரியின் கீழே எழுதினேன்: ‘இரண்டாம் கணினிக்கு இல்லை. போர்டு மாற்றியபின் முறையற்ற வழியில் இயக்கப்பட்டது. தெரிந்தே அனுமதித்தேன்.’ கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அந்தக் கணினியை அணைத்து ‘பழுது’ என்று அட்டை வைத்தேன். அதுவும் பொய்தானே? வேறு அட்டை எழுதினேன்: ‘பயன்படுத்த வேண்டாம்.’

செப்டம்பர் 22

பதில் இல்லை. லாயிட் என்னைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

அக்டோபர் 6, திங்கள்

பதில் வந்தது. கணினிகள் இங்கேயே இருக்கும். புதிய உரிமம் வாங்கித் தருகிறார்கள். போர்டு மாறினாலும் கூடவே வரக்கூடிய வகை. கடைசி வரி: பொறுப்பாளரை மாற்றுவது நல்லது.

லாயிட் கடிதத்தை மடித்தார். “வயசாயிடுச்சுன்னு நீங்களே விலகறதா மினிட்ஸ்ல எழுதிடறேன் சார். மரியாதையா இருக்கும்.” தலையாட்டினேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, “நடந்ததையே எழுதிடுங்க லாயிட்” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை.

அக்டோபர் 9

அறைச் சாவியை ஹரிஷ்குமாரிடம் கொடுத்தேன். அடுத்த தெருப் பிள்ளை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். கெட்டிக்காரர்.

நவம்பர் 10, திங்கள்

பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க நூலகத்துக்குப் போனேன். வருகைப் பதிவில் பெயர் எழுதிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்தது, இரண்டாம் கணினியில். ஹரிஷ்குமார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம், நீங்களே அடியுங்கள் என்றேன்.

பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களான்னு கேக்குது சார்.”

“இல்லைன்னு போடுங்க. வனஜா படிச்சுப் பார்ப்பா.”

சிரித்தார். அடுத்த கேள்விக்குச் சிரிக்கவில்லை.

“இப்ப வேற எங்கயாவது வேலையில இருக்கீங்களா சார்?”

“இல்லை” என்றேன். அதையும் அடித்தார்.