குறிஞ்சாக்கேணியில் நீர் இருந்த நாட்கள்

என் மரகதம்,

நீர் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறீர் என்ற துணிவில் எழுதுகிறேன். உலகச் சண்டை முடிந்துவிட்டது. துறைமுகத்து விளக்குகளை இனி விமானங்களுக்குத் தெரியாமல் மூடிமறைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கம்பமாக ஏறிக் கறுப்புத் தகரங்களைக் கழற்றியது நான்தான். கீழே நின்ற சனம் கை தட்டியது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இறங்கி வந்து கை கழுவினேன்.

நம் பிள்ளை செல்வி வளர்ந்துவிட்டாள். உம் அம்மாவோடுதான் படுக்கை, சாப்பாடு, சண்டை எல்லாம். ‘ஏலாது’ என்று சொல்லும்போது உம்மைப் போலவே கழுத்தைத் திருப்புகிறாள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல, ஒரு பயத்தில்.

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து கல்லூரிப் பொடியன்கள் கொஞ்சப் பேர் வந்திருந்தார்கள். குண்டு விழுந்த நாளைப் பற்றிச் சனத்திடம் கேட்டுத் தங்கள் சஞ்சிகையில் எழுதப்போகிறார்களாம். கூட வந்த மாஸ்டர் என்னோடு படித்தவர். வழிகாட்ட வரச் சொன்னார். லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்லவில்லை. பீரங்கி முழங்கியது என்றார் ஒருவர். ஒன்றுகூடச் சுடவில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சல்லிக் கிராமத்துக் கரையில் ஒருவர், நம்முடைய விமானம் என்று நினைத்துத் தோளில் கிடந்த துவாயை வீசிக் காட்டினாராம். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “துவாய் வீசினவராம்! கட்டிலுக்குக் கீழ இருந்து நான்தான் காலில பிடிச்சு இழுத்தெடுத்தனான்.” பொடியன்கள் எழுதுவதை விட்டுச் சிரித்தார்கள்.

நம் வீட்டிலும் தேத்தண்ணி குடித்தார்கள். மாமி நன்றாகத்தான் கதைத்தார். “வள்ளத்தில மூதூருக்குப் போனம். அங்கயிருந்து வண்டிலில எங்கட சனத்திட்ட, ஈச்சிலம்பற்றுக்கு. வழியில பிள்ளை பிறந்தது. தாய்க்குக் காய்ச்சல். ஆட்டுப்பால் பருக்கித்தான் பிள்ளையைக் காப்பாத்தினனான். கிண்ணியாப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.”

கிண்ணியாவைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த கதையும் அதுதான். குண்டு விழுந்த அன்று துறைமுக வாசலைப் பூட்டியவர்கள், அறுந்த மின்கம்பிகளையெல்லாம் பொருத்தி முடிக்கும்வரை கரண்டு வேலைக்காரர் எங்களை வெளியே விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. ஈச்சிலம்பற்றுக்கு நான் ஓடி வந்தபோது, உம்மை எரித்த இடத்தைக் காட்டினார்கள். பிள்ளையைக் கையில் தந்தார்கள். நான் எதையும் விசாரிக்கவில்லை.

பொடியன்கள் வீட்டுக்கு வந்துபோன மறுநாள் மூதூருக்குப் போவதாகத்தான் மாமியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ஆனால் வழியில் பொடியன்கள் கிண்ணியாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தோணியில் கடந்து, கிண்ணியாவிலுள்ள குறிஞ்சாக்கேணிக்குப் போனோம். குண்டுக்குப் பயந்து ஓடி வந்த டவுன் சனத்துக்கு இடம் கொடுத்தவர் என்று ஊரார் ஒரு வீட்டைக் காட்டினார்கள். ஆசியா உம்மா என்று பெயர். முற்றத்தில் பாய் விரித்து எங்களை இருக்கச் சொன்னார். எனக்குக் காலை மடக்க மனமில்லை. ஓரமாக நின்றேன்.

“வகுத்துப் புள்ளையோட ஒரு பொம்புள, அவட உம்மாவையும் கூட்டிட்டு வந்தா” என்று தொடங்கினார். “எங்கட அறையிலதான் பெத்தா. காய்ச்சல், பால் வரல்ல. எனக்கு இவன், பக்கத்தில விளையாடுற என்ட மகன், பொறந்து கொஞ்ச நாள். அவதான் புள்ளைய என்ட மடியில வெச்சா. ‘ராத்தா, உங்களுக்கு ஏலுமா?’ எண்டு சொந்த அக்காவைக் கேக்கிற மாதிரிக் கேட்டா. கேக்கிற கேள்வியா அது?”

“அவவுக்கு என்ன பெயர்?” என்றான் ஒரு பொடியன்.

“மரகதம். மாப்பிள்ளை கரண்டுக்காரராம். சரியான பகிடிக்காரி அவ. ‘எங்கட ஆள் குப்பி விளக்குப் பத்த வெக்கிறதுக்கும் ஒரு கைய முதுகுக்குப் பின்னால வெச்சிருப்பார், ராத்தா’ எண்டு நடிச்சிக் காட்டுவா. காய்ச்சலோட இருந்துட்டு எங்களைச் சிரிக்க வெச்சா...” சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்தார். “இந்தா, இப்ப இவர் நிக்கிற மாதிரித்தான்.”

என் இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. உமக்குத் தெரியும், கரண்டு ஓடும் கம்பியில் ஒரு கையால் வேலை செய்தால் மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே பாயாது. தொழில் படிக்கும்போது பழகிய பழக்கம். அந்தக் கையை முன்னால் எடுக்க எனக்கு வரவில்லை.

உம்மா எழுந்து வந்தார். “மகன், என்ட புள்ள எங்க?”

“நல்லா இருக்கிறா” என்று மட்டும் சொன்னேன்.

“எங்கட மார்க்கத்தில பால் குடுத்தா பெத்த மாதிரித்தான். இவன் அவளுக்கு நானா, நீங்க சொல்ற அண்ணன். கூடப் பொறந்தவன். எனக்குச் சொல்லாம அவளுக்குக் கலியாணம் செஞ்சிப் பாருங்க, பந்தலுக்கே வந்து சண்டை புடிப்பன்.” சிரித்தவர் அப்படியே குரலைத் தாழ்த்திக்கொண்டார். “போக வேணாம் எண்டு உங்கட மாமிட கையப் புடிச்சிச் சொன்னன் மகன். மருந்து குடுக்கிற அப்போதிக்கரி பக்கத்திலதான் இருந்தாரு. எங்கட சனத்திட்டப் போகோணும் எண்டு, காய்ச்சலோட வண்டில்ல ஏத்திட்டாங்க.”

“மரகதம் என்ன சொன்னா?” என்றேன்.

“நான் அழுதுட்டு நிண்டன். அவ சொன்னது என்ட காதில விழல்ல.”

திரும்பி வரும் தோணியில் ஒரு பொடியன், “அண்ணை, ரெண்டில எதை எழுதுறது?” என்றான். “ஆரோ ஒராள் பொய் சொல்லியிருக்க வேணும்” என்றான் மற்றவன். “வாயை மூடடா” என்றார் மாஸ்டர். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி எதை மறைத்தார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பாலை அல்ல, காய்ச்சலோடு உம்மை வண்டிலில் ஏற்றியதை. அந்த வீட்டில் பிள்ளை பிறந்ததென்று ஒப்புக்கொண்டால், அங்கிருந்து உம்மை ஏன் எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று நான் கேட்பேன் அல்லவா?

போறன் என்று சொன்னது நீர்தானா, மரகதம்? இல்லை, வேண்டாம் என்று சொல்லியும் ஏற்றினார்களா? அப்போதிக்கரி பார்த்திருந்தால் நீர் பிழைத்திருப்பீரா?

வீட்டுக்கு வந்தபோது மாமி செல்விக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். “எங்க தம்பி இவ்வளவு நேரம்?”

“குறிஞ்சாக்கேணிக்குப் போனனாங்கள், மாமி.”

சீப்பு நின்றது. “அவ இருக்கிறாவோ?”

யார் என்று நான் கேட்கவில்லை. “இருக்கிறா. பிள்ளையைப் பார்க்க வேணுமாம்.”

“ஆ, அம்மம்மா, இழுக்காதேங்கோ! நோகுது!” என்று செல்வி கத்தினாள். மாமி முடியை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அந்தப் பொடியளிட்டச் சொல்லுங்கோ தம்பி. பிள்ளை அங்கதான் பிறந்தது. அவதான் பால் குடுத்தவ. நான் மாறிச் சொல்லிப்போட்டன்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த கேள்விக்காகத்தான். அந்த முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். அடி விழப்போகிறது என்று தெரிந்து, விலகாமல் இருக்கிறவரின் முகம்.

“தேத்தண்ணி இருக்கோ, மாமி?” என்றேன்.

எழுந்து குசினிக்குள் போனார். கேத்தல் மூடி கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வருகிற ஞாயிறு செல்வியை ஆசியா உம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. பிள்ளையின் முன்னால் வண்டில் கதையை எடுக்க வேண்டாம் என்று அவரைக் கேட்க எனக்கு உரிமை உண்டா? நாளைக்குச் செல்வியே அதைக் கேட்டால் என்ன சொல்வேன்?

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். வண்டிலில் ஏறச் சொன்னது யார் என்று உம் அம்மாவிடம் நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். உம்மிடமும் இனிக் கேட்கமாட்டேன்.

உம்முடைய மனுசன்,
செல்வியின் அப்பா