பெயர் கேட்காத அண்ணனுக்கு

என் அருமை சவரி அண்ணே,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஆறு வருஷம் உன்னோடு பேசாதவள், இன்று நாலு பேர் படிக்க எழுதுகிறேன். கோபித்துக்கொள்வாயா?

பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்த குமாஸ்தா குடும்பம் நம்முடையது. போரில் சைகோன் விழுந்து நம்மவர்கள் எல்லோரும் கப்பல் ஏறிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டோம். இந்த நகரத்துக்கு இணையம் வந்த புதிதில், தோளில் கம்பிச் சுருளோடு கடை கடையாக ஏறி இணைப்புக் கொடுத்தவன் நீ. மோடம் கீச்சிட்டு முதல் பக்கம் திறந்ததும், கடைக்காரர்களைவிட நீதான் அதிகம் சிரிப்பாய்.

பிறகு பென் தான் சந்தைப் பக்கம் எட்டுக் கணினிகளோடு கடை போட்டாய். பெயர் சொல்லாமல் யாரும் எழுதக்கூடிய ஒரு தளத்தையும் நீயே உருவாக்கினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மாகாணமான பின் யுவோங்கிலிருந்து தொழிற்சாலைப் பெண்கள் பஸ் ஏறி வந்து அதில் எழுதினார்கள். செருப்புக்குப் பசை தடவும் அறையில் காற்று வர வழியில்லை, பெண்கள் மயங்கி விழுகிறார்கள் என்று ஒருத்தி எழுதினாள்.

அது என் வீட்டுக்காரர் மேற்பார்வையாளராக இருந்த தொழிற்சாலை. எழுதியது யார் என்று கேட்டுவர நிர்வாகம் அவரைத்தான் உன்னிடம் அனுப்பியது. வெறுங்கையோடு திரும்பினார். வேலை போயிற்று.

நான் உன் கடைக்கு வந்து அழுதேன். "ஒரே ஒரு பேருதானே அண்ணே, குடுத்துடேன். எங்களைப் பாக்கமாட்டியா?"

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் எதையும் பதிஞ்சு வைக்கல" என்றாய். பிறகு, "தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்" என்றாய்.

முதலில் சொன்னதோடு நீ நிறுத்தியிருக்கலாம். பின்னால் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில், தொழிற்சாலையின் நெருக்கடியால், கட்டடச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். தளமும் மூடிப்போயிற்று. சந்தைக்குள் ஒரு பெட்டிக்கடையில் கைபேசி பழுது பார்க்க உட்கார்ந்தாய். உன் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று நான் பின்வாசல் வழியாகவே சந்தைக்குப் போய்வந்தேன். ஒருநாளாவது என்னைப் பார்த்தாயா அண்ணே? பார்த்தும் கூப்பிடாமல் இருந்தாயா?

நெஞ்சுவலியில் நீ சாய்ந்ததைப் பக்கத்துக் கடை அம்மா போனில் சொன்னாள். ஓடிவந்தேன். அதற்குள் உன் கை சில்லிட்டிருந்தது.

அடக்கப் பூசைக்கு முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வந்தாள். அன்று எழுதியது தான்தான் என்று வியட்நாமிய மொழியில் மெல்லச் சொன்னாள். நீ கடையை இழந்த அடுத்த மாதமே அந்த அறைக்குச் சன்னல் வைத்தார்களாம். அதன் பிறகு யாரும் விழவில்லையாம். அவளுக்கு இன்னும் அங்கேதான் பிழைப்பாம். என் கையைப் பிடித்துக்கொண்டு தன் பெயரையும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், அந்தப் பெண் யார் என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அண்ணனுக்கு வேண்டியவங்க" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை.

அண்ணே, அந்தப் பெயர் என்னைத் தாண்டிப் போகாது. உன் கல்லறையில் தனியாக நின்றாலும் வாய்விட்டுச் சொல்லமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்