அப்பா திதிக்கு நீ வரவேண்டாம்

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீ சுகமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் போனில் சொல்கிற மாதிரியே நல்லா கீறேன்மா என்பாய். அதனால்தான் எழுதுகிறேன், தம்பி இதைப் படம் பிடித்து லண்டனுக்கு அனுப்புவான்.

மாப்பிள்ளை எல்லாம் சொல்லிவிட்டார். அத்தே, அவ ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ள போவாம ஸ்டீரிங்கைப் புடிச்சினு அழுவுறா என்றார். உன்னைப்போல் களைத்துப்போன டாக்டர்களுக்கு யோசனை சொல்ல ஆஸ்பத்திரியே ஒரு கோச்சை வைத்திருக்கிறதாமே, ஓடுகிற பிள்ளைகளுக்குத்தான் கோச் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாள் உன்னிடம், இருக்கிற லீவையெல்லாம் எடுத்து எங்கேயும் போகாமல் வீட்டில் தூங்கு, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடு, பிறகு வேலையை எப்படிக் குறைப்பது என்று சேர்ந்து யோசிப்போம் என்றாளாம். நீயோ அந்த லீவு அப்பாவின் வருஷத் திதிக்கு, போய்விட்டு வந்து இறங்கின அன்றைக்கே டியூட்டிக்கு வருவேன் என்று சொல்லி அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாயாம். பெற்றவளிடம் சொல்லாத அழுகையை யாரோ ஒருத்தியிடம் சொன்னாயே, அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவள் சொன்னது சரி.

நீ எதற்காக வருகிறாய் என்று எனக்குத் தெரியும். கருமாதிக்கு நீ வராதபோது, டாக்டரம்மாவுக்கு அப்பன் செத்ததுகூட ஒரு கேசுதானா என்று பந்தலில் எல்லோர் முன்னாலும் கேட்டானே உன் சித்தப்பன் மோகன், அந்தச் சொல்லுக்காக. படிக்கிற காலத்தில் நைட் டியூட்டி முடிந்து வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தூங்கி விழுந்து நெற்றி கிழிந்து வந்தாய், அப்போதும், பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இம்மாம் படிப்பு என்று சிரித்தவன் அவன். அன்றிலிருந்து அவனுக்கு என் கையால் தண்ணீர்ச் சொம்பு நீட்டியதில்லை. திதியிலும் கேட்பான், கேட்கட்டும், நான்தான் வராதே என்றேன் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிக்கொள்கிறேன். படையல் போடத் தம்பி இருக்கிறான்.

உன் அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஓவர்டைம் ஓவர்டைம் என்று ஓடினார். ரிட்டையர் ஆனதும் காலை நீட்டிப் படுக்கிறேன் புஷ்பா என்றார். படுத்தார், எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று போதும்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கிருஷ்ணப்பிரியாவும் வயிறாரச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி, தீர்க்காயுசாக இருங்கள். டிக்கெட்டை இன்றைக்கே கேன்சல் செய். முதலில் அந்த அம்மாளுக்குப் போன் போடு, எனக்குப் பிறகு போடலாம்.

இப்படிக்கு,
கரையான்சாவடியிலிருந்து உன் அம்மா,
புஷ்பா