நான் விட்ட ஒரு எழுத்துப் பிழை

அன்புள்ள அம்மா,

முட்டி வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன், கொஞ்சம் அசதி, அவ்ளோதான்.

காலேஜோட தொலைதூரப் படிப்புக்கு, நெட்ல எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற பாடங்களைச் சேர்க்கிறதுதான் இங்க என் வேலை. லெக்சரர்கள் ஒத்துக்கலன்னா எனக்கு வேலை இல்ல. நேத்து ஒரு சார், "ஓசிப் பாடமெல்லாம் வேணாம்மா, என் நோட்ஸே போதும்"னு கைய உதறிட்டார்.

அந்த நோட்ஸைத் திறந்தா, அய்யோ அம்மா, ஸ்கூல் லீவுல நான் வரைஞ்சு நெட்ல போட்ட இதயப் படம்! 'இதையம்'னு நான் விட்ட தப்பும் அப்படியே இருக்கு!

"சார், தப்பை மட்டும் திருத்திடவா? நான் வரைஞ்சதுதான், ஓசி"ன்னேன். சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டார்.

இந்த லெட்டர்ல தப்பிருந்தா சிவப்புல சுழிச்சு போட்டோ அனுப்பும்மா. இங்க என்னைத் திட்டித் திருத்த ஆளே இல்ல.

பஸ் வந்துடுச்சு.

உன்
இதையம்