ஆஷாடத்தில் ஓடிய நம்பர்கள்

2003 ஜூன் 9, திங்கள்

இன்றும் தோற்றேன். பாத்திரம் என் தலையில்.

நான் பார்த்தது 2861. வெள்ளை வண்டி. சீட்டில் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை, முன்னால் சாமந்தி மாலை. பூத் வாசலிலிருந்து அதைப் பார்த்ததும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் இவர் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே "2874" என்றார். சிரிப்பு வேறு.

எட்டு வருஷமாக எங்கள் வீட்டில் இந்தக் கூத்து. இந்திராநகர் ஆர்.டி.ஓ.வில் பதிவாகி ரோட்டுக்கு வருகிற புது கார்களில், யார் கண்ணில் கடைசி நம்பர், அதாவது பெரிய நம்பர், படுகிறதோ அவர் ராஜா. தோற்றவர் ராத்திரிப் பாத்திரம் தேய்க்க வேண்டும். அந்த ஆபீஸ் கொடுக்கிற கே.ஏ. 03 மட்டும்தான் கணக்கு. ஸ்கூட்டர், டாக்ஸி சேராது. பொய் சொல்லக்கூடாது என்று ஒரு விதி வைக்கவே இல்லை. வைக்கத் தோன்றியதும் இல்லை.

நான் வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்தின் முதலாளி நோரா மேடத்திடம் இதை ஒருநாள் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா மேன்?" என்றார். அவருக்கு நானும் மேன்தான், பால்காரனும் மேன்தான்.

ஜூன் 12, வியாழன்

ஜெயித்தேன்! 3008. இவர்தான் தேய்த்தார். குக்கர் அடியில் பருப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆம்பளை தேய்த்த லட்சணம்.

ஜூன் 18, புதன்

மழை. பூத்தில் ஈ காக்காய் இல்லை. எல்லார் கையிலும் செல்போன் வந்தபிறகு யார் என்னிடம் வந்து மெயின் ரோடு சத்தத்துக்கு நடுவே கத்தப்போகிறார்கள்? எனக்கு அதுவும் நல்லதுதான். ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

காலையில் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் ஒரு நீல வண்டிக்குப் பூஜை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டிக்காரர் மனைவி பட்டுப்புடவை கசங்காமல் ஒதுக்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பழம் நசுங்கியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்புறம் வண்டி போய்விட்டது. நான் விடவில்லை, பூத்தில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் கூடவே போனேன். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியில் அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். தங்கை ஆரத்தித் தட்டோடு ஓடிவருகிறாள். பிள்ளைகள் கண்ணாடியை இறக்கி இறக்கி ஏற்றுகின்றன. "கைய எடுங்கடா" என்று ஒருவர் சத்தம் போடுகிறார். யாரும் எடுக்கவில்லை. புது வண்டிக்குள் இருக்கிற அந்த ரப்பரும் பெயின்டும் கலந்த வாசனை என் மூக்குக்கே வந்துவிட்டது. ஒரு ஆள் வந்து இரண்டு தடவை "மேடம், சேலம் லைன்" என்று கேட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

இதையெல்லாம் இவரிடம் சொன்னதில்லை. இவருக்கு நம்பர் போதும்.

விளையாட்டு ஆரம்பித்த நாள் நினைவுக்கு வந்தது. சிவாஜிநகரில் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். இனிமேல் குழந்தைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அல்சூர் வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மாலை போட்ட ஒரு வண்டி வந்தது. இவர் மெல்ல, "அந்த நம்பரப் பாரு. இன்னிக்குத்தான் பொறந்திருக்கு" என்றார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்னால் வந்ததைக் காட்டி, "இது அதுக்கும் பின்னாடி பொறந்தது" என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

இவரே தொடர்ந்து ஜெயிக்கிறார். நாளுக்கு நாற்பது வண்டி பதிவாகும் என்பது எங்கள் கணக்கு. இவர் சொல்வதும் அழகாக அப்படியே ஏறுகிறது. எனக்குத்தான் கண்ணில் ஒன்றும் மாட்டுவதில்லை.

கரண்ட் பில்லை என் கையில் கொடுத்து, "எவ்வளோன்னு படி" என்றார். கண்ணில் தூசியாம். "சக்கரை மாத்திரை போட்டீங்களா?" என்றால், "போட்டேன், சும்னே இரு" என்கிறார். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறார் இப்போதெல்லாம். கொஞ்சம் பக்கவாட்டில், என் காதைப் பார்த்துப் பேசுகிற மாதிரி. என்ன கோபமோ.

ஜூலை 3, வியாழன்

ரோடே சப்பென்று இருக்கிறது. பூத்துக்கு மேல்மாடியில் குடியிருக்கும் சேஷகிரி சார் கார் வாங்கிவிட்டார், ஆனால் அது ஷோரூமிலேயே நிற்கிறது. "ஆஷாடா முகீலி அம்மா, ஆமேலே தர்த்தீனி" என்கிறார். ஆஷாடம் முடிந்த பிறகுதான் கொண்டுவருவாராம்.

கன்னடக்காரர்களுக்குப் போன அமாவாசையோடு ஆஷாடம் பிறந்துவிட்டது. நமக்கு ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஊர் நம்மைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? ஆஷாடத்தில் புது வண்டியை யாரும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர மாட்டார்கள். மூன்று நாளாக 3779-ஐத் தாண்டி நான் ஒன்றும் பார்க்கவில்லை.

இவர் வந்து, "3905" என்றார்.

"எங்க பார்த்தீங்க?"

"ட்ரினிட்டி சர்க்கிள்ல. செவப்பு."

சரி, இருக்கும். போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

"4070" என்கிறார் மனுஷன்! கள்ளாட்டம். சுத்தக் கள்ளாட்டம். பாத்திரம் தேய்க்கச் சோம்பேறித்தனம் என்றால் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? எட்டு வருஷ விளையாட்டில் இப்படி மண்ணைப் போடுவாரா? இருக்கட்டும். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

ஜூலை 9, புதன்

மத்தியானம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே போனேன். வாசல் மரத்தடியில் இருக்கும் ஏஜென்ட்டைக் கேட்டேன். "ஆஷாடம்மா. ஈ ஓட்டிட்டு இருக்கோம். கம்பெனி வண்டி நாலு வருது, அவ்ளோதான்" என்றார். இன்றைய கடைசி நம்பர் 3801.

வரும் வழியெல்லாம் சிரித்தேன். மாட்டிக்கொண்டாரே! வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. பாத்திரத்துக்காகப் பொய் சொல்கிற ஆள் இல்லையே இவர். ட்ரினிட்டி சர்க்கிள், சிவப்பு வண்டி என்றெல்லாம் எதற்காகச் சொன்னார்?

ஜூலை 13, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

காலையில் இவர் வேனுக்கு டீசல் போடக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். பிடிக்கத்தான் போனேன். ஓல்டு மெட்ராஸ் ரோடு சிக்னலில் எங்களுக்கு நேர் முன்னால் ஒரு புத்தம்புதுச் சாம்பல் வண்டி நின்றது. ஆஷாடம் பார்க்காத யாரோ. கைக்கெட்டும் தூரம். "ஏங்க, முன்னாடி நிக்குதே, அது என்ன நம்பர்?" என்றேன், சும்மா, சீண்டுவதற்காக.

கண்ணைச் சுருக்கினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "4236" என்றார்.

அந்த வண்டிக்கு நம்பரே இல்லை. பதிவுக்குப் போகிற வண்டி என்று சிவப்பு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது.

ஐயோ. பதினாறு பிள்ளைங்க. எல்லாம் ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ். தெனம் காலைலயும் சாயந்திரமும். நான் என்னடான்னா பாத்திரம், பாத்திரம்னு — முண்டம், முண்டம்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். கட்டினார். ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல மட்டும் பொக மாதிரி. ஓரத்துல நல்லாத் தெரியுது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி எடுக்க விடமாட்டே." அப்புறம், "தெனம் நாப்பது கூட்டிக்குவேன். ஆடி பொறந்ததும் கொறச்சுக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

ஆடிக்காகக் காத்திருந்தாராம்! இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வண்டி ஓட்டி, ஆஷாடத்தைக் கோட்டை விட்டிருக்கிறார். சிரிப்பதா, அழுவதா?

"ரோடு எனக்கு மனப்பாடம், வீணா. எங்க ஹம்ப்பு, எந்தக் கேட்டுல நாய், எல்லாம் தெரியும்."

"ஒரு கொழந்தை குறுக்க ஓடி வந்தா? அது மனப்பாடத்துல இருக்குமா?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வண்டி எடுத்தீங்கன்னா நான் நேரா ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லிடுவேன்" என்றேன். அவர், "வண்டி இல்லன்னா நான் யாரு?" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வரும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். லெஃப்ட்ல சைக்கிள். முன்னாடி ஒரு அம்மா ரோடு தாண்டறாங்க. மெதுவா. மெதுவா.

ஜூலை 14, திங்கள்

வழக்கம்போல எழுந்தார். வேனைக் கழுவினார். சாமி படத்துக்குப் பூ வைத்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நடுவில் நின்றேன். முறைத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், எல்லாம் கண்ணாலேயே. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. நேராக நிற்கிற நான் அவருக்கு முகம் இல்லாத வெறும் புகை. எட்டடி தூரத்தில் நிற்கிறேன், என் புருஷனுக்கு நான் யார் என்று தெரியவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் தலையை வெளியே நீட்டி, "யாரது?" என்றார். "யாராயிருந்தாலும் நகருங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"நான்தாங்க."

இன்ஜின் நின்றது. இறங்கினார். வேன் மேலேயே ஒரு கையை வைத்துக்கொண்டு, நடந்து வந்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். "ஸ்கூலுக்குப் போன் பண்ணு" என்றார்.

அழுதேன். அவரும்தான்.

ஜூலை 16, புதன்

கண் ஆஸ்பத்திரி. சக்கரை விழித்திரையைத் தின்றிருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்ப வராது. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "ஆகட்டும் டாக்டர்" என்று தலையாட்டினார், ஏதோ காபி வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

ஜூலை 20, ஞாயிறு

"பேரன்ட்ஸ்கிட்ட ஏன் சொல்லணும்? ஒடம்பு சரியில்லைன்னு முடிச்சுக்கோ மேன்" என்றார் நோரா மேடம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இவர் கேட்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் போனார். கூட நான். ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தை: "ஆறு மாசமா எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அப்படியேதான் உங்க கொழந்தைய ஏத்திட்டுப் போனேன்." ஒரு அம்மா கதவை முகத்திலேயே சாத்தினாள். சாத்தட்டும். நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் கொடுத்தார்கள்.

பதினாறு பிள்ளைகளில் ஏழு போய்விட்டது. மிச்சத்துக்குப் பக்கத்துத் தெரு தினேஷ் எங்கள் வேனை ஓட்ட ஒத்துக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரமகாலட்சுமி, நம் வரலட்சுமி நோன்புதான். ஊரில் இருக்கிற புது வண்டி அத்தனையும் இன்றைக்கே ரோட்டில். சேஷகிரி சார் வண்டியும் வந்துவிட்டது, லட்டு கொடுத்தார். எத்தனையோ நம்பர் பார்த்தேன். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இவரும் கேட்கவில்லை. பாத்திரம் நானே தேய்க்கிறேன். எங்கள் வீடு இத்தனை அமைதியாக எப்போதும் இருந்ததில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றுமுதல் இவரும் வேனில் போகிறார், தினேஷுக்குப் பக்கத்து சீட்டில். பிள்ளைகளை இறக்கி, கையைப் பிடித்து கேட்டுக்குள் விட்டுவிட்டு வருகிறார். சாயங்காலம் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆயுத பூஜை முடிந்த வாரம். திரும்பின பக்கமெல்லாம் வாழைக்கன்று கட்டின வண்டி. நோரா மேடம் சர்ச்சுக்குப் போனதால் பூத்தில் நான் மட்டும். இவர் சாப்பாடு கொண்டுவந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

ஒரு பச்சை வண்டி எங்களுக்கு எதிரே வந்து சிக்னலுக்கு நின்றது.

"பச்சைதானே?" என்றார்.

"ஆமா." நம்பர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"உள்ள யாரு?"

எனக்குப் புரியவில்லை. "நம்பரா?"

"நம்பரு கெடக்கு. உள்ள யாரு இருக்காங்க, சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். வெட்கமாகப் போய்விட்டது. "ஒரு ஆளு ஓட்டறாரு. பக்கத்துல பொண்டாட்டி. பின்னாடி யாரும் இல்ல."

"எங்க போறாங்க?"

சிக்னல் விழுந்து வண்டி போயே போய்விட்டது. "மைசூருக்கு" என்றேன்.

இவர் தலையை ஆட்டினார். ஸ்டூலுக்கு முன்னால் இடது காலை நீட்டி, கிளட்சை மிதிப்பதுபோல் அழுத்தினார். கை தானாக கியரைத் தேடிப் போட்டது. "கெங்கேரி வரைக்கும் டிராஃபிக்குதான், பொறுத்துக்கோ" என்றார். ஸ்டூலை விட்டு எழாமலே பிடதியில் தட்டு இட்லிக்கு நிறுத்தினோம். எனக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. சட்னி காரம் என்றேன். சக்கரைக்குக் காரம் ஒன்றும் பண்ணாது என்றார். ஒரு ஆள் போன் பண்ண வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். போகட்டும்.

ராமநகரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது என்றார்.

"வைப்பர் போடுங்க."

"போட்டாச்சு. உனக்கு ரோடு தெரியுதா?"

"தெரியுது" என்றேன். "நீங்க ஓட்டுங்க."